ஸ்கேன் நார்மல் என்கிறார்கள், ஆள் மட்டும் மாறிவிட்டார்

வாசகி கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் ஆற்காட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு 42 வயது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். எட்டு மாதத்துக்கு முன்னால் வேலை முடிந்து பைக்கில் வரும்போது, பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் இடித்து மல்லாக்க விழுந்துவிட்டார். ஹெல்மெட்டை வண்டியில் மாட்டியிருந்தார். மூன்று நாள் நினைவில்லை. ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லிப் பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'இருபக்க ஃப்ரன்டல் கன்ட்யூஷன்' என்று போட்டிருக்கிறது. மூன்று மாதம் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசெட்டம் மாத்திரை மட்டும் தொடர்கிறது.

கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சும் நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய ஆள் இல்லை. சொன்னால்தான் குளிக்கிறார், இல்லாவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தட்டை வீசுகிறார். விருந்தாளிகள் முன்னால் சொல்லக் கூடாததைச் சொல்கிறார். யாரையும் கேட்காமல் தவணையில் பெரிய டி.வி. வாங்கினார். வேலைக்குப் போனவரை இரண்டே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழம்பு தீய்ந்தாலும் அவருக்கு வாசனை தெரிவதில்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிறார். 'எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் கோளாறு' என்கிறார். மாமியார் சோளிங்கர் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். என் அண்ணன், வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறார் என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் மூளை டானிக் கொடுத்தார்கள்.

மூளையில் எந்தப் பாகம் கெட்டால் இப்படி ஆகும்? இது மனநோயா? சரியாகுமா? எட்டாவது படிக்கும் மகள், 'அப்பாவுக்கு ஏன் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது' என்று கேட்கிறாள். விபத்து வழக்கில் சமாதானமாகப் போகலாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆற்காடு)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் நடிக்கவில்லை. நேரில் பார்க்காமல் எந்த டாக்டரும் முடிவாக எதையும் சொல்லக் கூடாது. ஆனாலும் சொன்னால்தான் குளிப்பது, தட்டை வீசுவது, வாய் அடங்காதது, யோசிக்காமல் செலவு செய்வது, வாசனை தெரியாதது, தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் மூளையின் ஒரே பகுதியைத்தான் கைகாட்டுகின்றன. அந்தப் பகுதியின் பெயர் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கிறது. ஃப்ரன்டல் என்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல். கன்ட்யூஷன் என்பது அடிபட்டு ரத்தம் கன்றிப்போவது. இந்த இரண்டு சொல்லையும் எழுதிக் கொடுத்தவர்கள், இதனால் வீட்டில் என்னென்ன நடக்கலாம் என்று உங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. கை முறிந்தவருக்கு மாவுக்கட்டு எத்தனை வாரம் என்று சொல்லி அனுப்புகிறோம். முன்மடலில் அடிபட்டவரின் மனைவிக்கு, குணம் மாறலாம், இப்படி இப்படி இருக்கலாம் என்று சொல்லி அனுப்புவது பல இடங்களில் நடப்பதில்லை. அது எங்கள் தொழிலின் பெரிய குறை. அதனால்தான் எட்டு மாதமாக நீங்கள் தனியாகக் குழம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

எந்தப் பாகம் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற பாகங்களை வேகமாகச் சொல்லிவிட்டு முன்மடலுக்கு வருகிறேன்.

மூளை மொத்தமே சுமார் 1.3, 1.4 கிலோதான். பிடரிப் பக்கம் இருக்கும் மடல் பார்வைக்கு. கண் நன்றாக இருந்தும் இந்த இடம் கெட்டால் பார்வை போகும். உச்சிக்குப் பின்பக்கம் இருப்பது தொடு உணர்வுக்கு. நம் கை எங்கே இருக்கிறது, டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கும் அங்கேதான் நடக்கிறது. கன்னப்பொட்டுக்கு உள்பக்கம், காதையொட்டி இருக்கும் மடல் கேட்பதற்கும், கேட்ட பேச்சைப் புரிந்துகொள்வதற்கும். அதன் உள்மடிப்பில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்ன உறுப்பு இருக்கிறது. புதிதாக நடப்பதை நினைவில் பதிய வைப்பது அது. 1953ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை அடக்க இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008ல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த ஒருவரைக் கொஞ்ச நேரம் கழித்து அவரால் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. சிறுவயது ஞாபகங்களோ அப்படியே இருந்தன. ஹிப்போகாம்பஸுக்கு முன்னால் அமிக்டலா. ஆபத்து என்று கண்டதும் பயத்தையும் கோபத்தையும் கிளப்பிவிடும் இடம். தலையின் பின்பக்கம் அடியில் சிறுமூளை, தடுமாறாமல் நடக்கவும் கை குறி தவறாமல் போகவும். அதற்கு முன்னால் மூளைத்தண்டு. மூச்சு, இதயத் துடிப்பு, விழித்திருப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

இது எப்படித் தெரிந்தது என்பதில் நம் பக்கத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1861ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர், பேச்சு போய் 'டான்' என்ற ஒரே சத்தத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இறந்த பிறகு அவர் மூளையைப் பார்த்தார். இடது முன்மடலின் கீழ்ப்பகுதி கெட்டிருந்தது. பேச்சை வெளியே கொண்டுவரும் இடம் அது என்று தெரிந்தது. பின்னால், கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேல் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூளைக்குத் தொட்டால் வலிக்காது. ஒரு இடத்தில் தொட்டால் கட்டைவிரல் அசையும், இன்னொரு இடத்தில் உதடு மரக்கும். அப்படி அவர் ஒரு வரைபடமே போட்டார். அந்த மான்ட்ரியல் நிலையத்தில் பயிற்சி எடுத்த டாக்டர் ஜேக்கப் சாண்டிதான் 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 

இப்போது முன்மடல். நான்கு மடலில் இதுதான் பெரியது. இதன் பின்விளிம்பில் கை கால் அசைவுக்கான பட்டை ஓடுகிறது. இடது பக்கம் கீழே புரோக்கா கண்ட இடம். உங்கள் கணவருக்கு இந்த இரண்டும் தப்பிவிட்டன. அதனால்தான் நடையும் பேச்சும் நன்றாக இருக்கின்றன, பார்க்கிறவர்களுக்கும் ஆள் நன்றாகத் தெரிகிறார். அடி விழுந்தது அதற்கும் முன்னால், நெற்றியையும் கண்குழியையும் ஒட்டிய பகுதியில். மின்சாரத்தால் தொட்டால் அங்கே ஒன்றும் அசையாது, ஒன்றும் தோன்றாது. அதனால் அதை 'ஊமைப் பகுதி' என்றே டாக்டர்கள் ஒரு காலத்தில் சொன்னார்கள். மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று இன்றும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சும்மா கிடக்கும் இடம் மூளையில் இல்லை. ஊமை என்று நினைத்த அந்தப் பகுதி செய்யும் வேலையைத்தான் நீங்கள் தினமும் வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதிலும் மூன்று இடங்கள் உண்டு. நீங்கள் எழுதியதை இந்த மூன்றிலும் பிரித்து வைக்கலாம்.

மூளையின் இடது, வலது பாதிகள் முகம் பார்த்து நிற்கும் நடுப்பக்கம், ஒரு காரியத்தைத் தொடங்கி வைக்கும். குளிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குளிக்கவும் தெரியும். எழுந்து போகிற முதல் உந்துதல் மட்டும் வருவதில்லை. நீங்கள் சொன்னதும் அந்த உந்துதல் வெளியிலிருந்து வந்துவிடுகிறது, போய்க் குளிக்கிறார். உங்கள் அண்ணன் கண்ணுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

நெற்றியின் வெளிப்பக்கம், மேலே, திட்டம் போடும் இடம். நாலு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு எது முதலில், எது பிறகு, நடுவில் ஒன்று மாறினால் என்ன செய்வது என்று ஓட்டுவது. கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தானே? எந்தத் தோல் எந்த ஆர்டருக்கு, யார் வரவில்லை, எந்த மெஷின் நின்றது என்று. கத்தி பிடிக்கும் கை அவருக்கு அப்படியே இருக்கலாம். ஓட்டத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது, கண்குழிக்கு நேர் மேலே இருக்கும் அடிப்பகுதி. தட்டும், டி.வி.யும், விருந்தாளி முன்னால் பேசிய பேச்சும் இங்கிருந்து வருகின்றன. கோபமும் ஆசையும் எல்லோருக்கும் உள்ளே கிளம்பிக்கொண்டேதான் இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருவதை யாரும் தடுக்க முடியாது, எவ்வளவு வெளியே விடுவது என்பதை மதகு பார்த்துக்கொள்கிறது. இந்த அடிப்பகுதி அந்த மதகு. அவருக்கு முன்பு வந்த அளவு கோபம்தான் இப்போதும் வருகிறது. தடுத்து நிறுத்துகிற அரை நொடி காணாமல் போயிருக்கிறது.

விழுந்தது மல்லாக்க, அடிபட்டது முன்னால் என்பது உங்களுக்கு முரணாகத் தெரியலாம். மண்டையோட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது. தலை சட்டென்று நிற்கும்போது மூளை உள்ளே ஆடி எதிர்ப்பக்கமும் போய் மோதுகிறது. கண்குழிக்கு மேல் இருக்கும் எலும்புத் தரை வழவழப்பானது கிடையாது, மேடும் முனையுமாக இருக்கும். முன்மடலின் அடிப்பகுதியும் கன்னப்பொட்டு மடலின் நுனியும் அதில் உரசிக் கன்றிப்போகும். அதே இடத்தில்தான் மூக்கிலிருந்து வரும் வாசனை நரம்பு இழைகள், சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. மூளை நகர்ந்ததும் அவை அறுந்துவிடும். ஆகவே வாசனை போனதையும் குணம் மாறியதையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடம். தலைக்காயத்துக்குப் பிறகு வாசனை தெரியவில்லை என்று யாராவது சொன்னால் உடனே அவர்கள் குணத்தைப் பற்றியும் வீட்டாரிடம் கேட்பது என் வழக்கம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் ஸ்கேன் ஏன் நார்மல்? சி.டி. ஸ்கேன் புது ரத்தத்தையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். மூன்று மாதத்தில் ரத்தம் கரைந்துவிடும். ஆனால் தலை குலுங்கும்போது முன்மடலை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் ஆங்காங்கே அறுந்திருக்கும். அவை சி.டி.யில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில், அதிலும் நுண்ணிய ரத்தக்கசிவைக் காட்டும் தனி வரிசையில் எடுத்தால், தழும்பு தெரியலாம். சிலருக்கு அதிலும் தெரியாது. படம் நன்றாக இருப்பதால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நாள் நினைவில்லாமல் இருந்தது ஒன்றே போதும், அடி லேசானது இல்லை என்று சொல்ல.

டாக்டர் முன்னால் நன்றாகப் பதில் சொல்கிறாரே என்றால், அங்கே கேள்வியை டாக்டர் கேட்கிறார், வரிசையை டாக்டர் வைத்திருக்கிறார், அறையில் சத்தம் இல்லை. முன்மடல் செய்ய வேண்டியதை அவர் பக்கத்தில் வேறொருவர் செய்துவிடுகிறார். வீட்டில் அப்படி இல்லை. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதும் பிடிவாதத்தால் வருவதில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வேலையும் முன்மடலுடையதுதான், அது அடிபட்டால் அடிபட்டது தெரியாது. அதனால் அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று வாதாடாதீர்கள். அதில் உங்கள் சக்திதான் போகும்.

இது மனநோயா என்று கேட்டீர்கள். ஆரம்பம் மூளைக்காயம். ஆனால் காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகவும் சகஜம், அதற்கு மனநல மருத்துவர் தேவைப்பட்டால் தயங்காமல் போக வேண்டும். வேலூர் பாகாயத்தில் 1957 முதலே சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே வழக்கம். அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து நாளைக் கடத்தியவர்கள் நிறையப் பேர். நீங்கள் கடத்த வேண்டாம்.

சரியாகுமா? நேராகவே சொல்கிறேன். மூளைக்காயத்தில் முன்னேற்றம் முதல் ஆறு மாதம் வேகமாக இருக்கும், ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும், அப்புறம் மெதுவாக இரண்டு வருடமும் அதற்கு மேலும் தொடரும். நீங்கள் எட்டாம் மாதத்தில் இருக்கிறீர்கள், காலம் கடக்கவில்லை. ஆனால் காத்திருந்தால் பழைய ஆள் அப்படியே திரும்பி வருவார் என்று நான் சொன்னால் அது பொய். பெரும்பாலும், கூட ஒரு ஆள், ஒழுங்கான நாள், குறைவான குழப்பம் இருந்தால் நன்றாக இயங்குவார்கள், அவை இல்லாத இடத்தில் தடுமாறுவார்கள்.

இதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி ஃபினியஸ் கேஜ். வெடிமருந்து வெடித்து, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக்கம்பி கன்னத்தில் புகுந்து முன்மடலைத் துளைத்து மண்டை வழியாக வெளியேறியது. பிழைத்துக்கொண்டார், நடந்தார், பேசினார். ஆனால் குணம் மாறிவிட்டது, 'இவர் பழைய கேஜ் இல்லை' என்று நண்பர்கள் சொன்னதாக அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ஹார்லோ எழுதினார். இந்தக் கதையைப் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதியைச் சொல்ல வேண்டும். கேஜ் பின்னால் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரைவண்டி ஓட்டினார். தினமும் அதே வழி, அதே நேரம், அதே குதிரைகளைப் பூட்டுவது. அந்த ஒழுங்கான வேலை அவரை மறுபடி நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதுதான்.

நாளைக்கே ஒரு பெரிய அட்டையில் அவருடைய நாளை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். 6.30 எழுவது, 7 மணி குளியல், 8 டிபன், 8.30 மாத்திரை, 9 மணிக்குக் கடைக்கு நடந்து போய்க் காய்கறி வாங்குவது. அவருடன் உட்கார்ந்து, அவர் கையாலேயே எழுத வையுங்கள். போனில் அலாரம் வையுங்கள். 'இன்னும் குளிக்கவில்லையா' என்று கேட்டால் சண்டை. 'மணி ஏழு, துண்டு இங்கே' என்றால் எழுந்து போவார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். செய்து முடித்ததும் ஒரு நல்ல வார்த்தை. முன்மடல் அடிபட்டவருக்கு அப்போதைக்கப்போது கிடைக்கும் பாராட்டு வேலை செய்யும், பத்து நாள் கழித்து வரும் கண்டிப்பு வேலை செய்யாது.

கோபம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பசி, தூக்கமின்மை, டி.வி. சத்தத்தோடு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, மத்தியான வெயில், இவற்றில் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். வேலூர்ப் பக்கத்து கோடை நல்ல மூளையையே களைக்க வைக்கும். அடிபட்ட மூளை சாதாரண வேலைக்கே அதிகமாக உழைக்கிறது, அதனால் மதியம் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுக்க வையுங்கள். கோபம் ஏறிவிட்டால் நியாயம் பேசாதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும், அவரே வந்து சாதாரணமாகப் பேசுவார். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். காரணம் மூளையில் இருக்கிறது என்பதற்காக நீங்களோ குழந்தையோ அடி வாங்க வேண்டியதில்லை. கை ஓங்கினால் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று இன்றே பேசி வையுங்கள், அன்றே டாக்டரிடமும் சொல்லுங்கள்.

லெவெடிராசெட்டம் வலிப்புக்கு நல்ல மாத்திரைதான், ஆனால் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். இது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மாத்திரை தொடங்கிய பிறகு கோபம் கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் வலிப்பு வரலாம். இனி தேவையா, மாற்றலாமா என்று நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள். இன்னொன்று, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியும் இப்படிப்பட்ட அடியில் பாதிக்கப்படலாம். அப்போது ஹார்மோன் குறைந்து, எப்போதும் அசதி, எதிலும் நாட்டமின்மை இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள். மூளை டானிக்கை நிறுத்திவிடுங்கள், அந்தப் பணத்துக்கு முட்டையும் பழமும் வாங்கலாம். வல்லாரைத் துவையல் பிடித்தால் சாப்பிடட்டும், அதை மருந்தென்று நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம். மது ஒரு சொட்டும் கூடாது.

வாசனை தெரியாதவரைச் சிலிண்டரோடு தனியாக விடாதீர்கள். கெட்டுப்போன சாம்பாரும் அவருக்குத் தெரியாது, மீந்ததைச் சாப்பிடும் முன் நீங்கள் முகர்ந்து பாருங்கள். சாப்பாட்டில் முன்பு போல ஆசை இல்லை என்றால் அதற்கும் இதுதான் காரணம். ஆம்பூர் பிரியாணியே ஆனாலும் அவருக்கு உப்பும் காரமும்தான் தெரியும். பைக் சாவியை எடுத்து வையுங்கள். டாக்டர் பரிசோதித்துச் சொல்லும்வரை எந்த வண்டியும் வேண்டாம். இதில் அவர் எவ்வளவு கோபப்பட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏ.டி.எம். கார்டு உங்களிடம் இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு சின்னத் தொகை அவர் கையில் இருக்கட்டும். சட்டைப்பையில் பணமே இல்லாத அவமானத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

சோளிங்கர் பற்றி. தக்கான் குளத்தில் குளித்து ஆஞ்சநேயரைக் கும்பிட்டால் மனம் தெளியும் என்று நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். மாமியாரும் மகனுக்காகத் துடிக்கிறார், அவரோடு சண்டை வேண்டாம். போய் வாருங்கள். ஒரு நாளில் திரும்பிவிடுங்கள், வழியில் மாத்திரை விட்டுப்போகக் கூடாது, படியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டமும் சத்தமும் அவருக்கு ஆகாது என்பதால் விசேஷ நாளைத் தவிருங்கள். பேய் ஓட்டுகிறேன் என்று யாராவது கட்டி வைக்கவோ அடிக்கவோ வந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மகளுக்கு 13 வயது இருக்கும். அவளுக்கு உண்மை புரியும். அவளை உட்கார வைத்து நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு இங்கே உள்ளே அடிபட்டிருக்கிறது. கோபத்தை நிறுத்துகிற இடம் அது. கோபம் வந்தால் அவரால் நிறுத்த முடியவில்லை. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. அப்போது அந்த அறையை விட்டு வந்துவிடு, அம்மா பார்த்துக்கொள்கிறேன்." நன்றாக இருக்கும் நேரத்தில் அப்பாவோடு செய்ய அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், கேரம் ஆடலாம், மாலையில் நடக்கலாம். அவளுடைய பள்ளியில் ஒரு ஆசிரியையிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

வேலை விஷயத்தில், சூப்பர்வைசர் நாற்காலிக்கு இப்போதே திரும்ப வேண்டாம். ஒரே மாதிரி வரும் வேலை, பாதி நாள், பக்கத்தில் பழக்கமான ஒருவர் என்று ஆரம்பிக்க முடியுமா என்று கம்பெனியில் பேசுங்கள். கூர்மையான அச்சு (டை) வைத்து அழுத்தும் கட்டிங் மெஷின் பக்கம் மட்டும் வேண்டாம், கவனம் சிதறினால் விரல் போகும். இதற்கெல்லாம் வழிகாட்ட மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் இதே பாகாயத்தில்தான் இருக்கிறது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நரம்பியல், மனநலப் பிரிவுகளைப் பார்க்கலாம். பெங்களூருவில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிலையமான நிம்ஹான்ஸும் காட்பாடியிலிருந்து ரயிலில் எட்டும் தூரம்தான். எங்கே போனாலும், "நியூரோசைக்காலஜி டெஸ்ட் வேண்டும்" என்று கேளுங்கள். கவனம், திட்டமிடல், தன்னைக் கட்டுப்படுத்தல் ஆகியவற்றைச் சில மணி நேரம் அளந்து எழுதித் தருவார்கள். போகும்போது உங்கள் கோப நோட்டும், கம்பெனி திருப்பி அனுப்பிய விவரமும் கையில் இருக்கட்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வது, வலிப்பு. இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக, கையெழுத்து. இப்போது போட வேண்டாம். 'நார்மல் ஸ்கேன்' என்ற காகிதத்தை மட்டும் வைத்துச் சமாதானம் பேசினால், கை கால் நன்றாக இருக்கும் ஆள் என்றுதான் தொகை போடுவார்கள். 42 வயதில் சூப்பர்வைசர் வேலையைச் செய்ய முடியாமல் போனது அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. அதை எழுத்தில் கொண்டுவருவது அந்த டெஸ்ட் அறிக்கைதான். அறிக்கை, எம்.ஆர்.ஐ., கம்பெனிக் கடிதம், மூன்று நாள் நினைவில்லை என்று சொல்லும் டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றின் நகலை வழக்கறிஞரிடம் கொடுத்து, அதற்குப் பிறகு பேசச் சொல்லுங்கள். மோட்டார் வாகன விபத்து மனுவுக்குக் கால வரம்பு உண்டு, உங்கள் மனு ஏற்கெனவே தாக்கல் ஆகியிருக்கிறதா என்பதை இந்த வாரமே கேட்டு எண்ணை எழுதி வாங்குங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தையும் சில நிபந்தனைகளோடு வேலைக் காயமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2010ல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனியில் விபத்து அறிக்கை போயிருக்கிறதா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. பலன் வாங்குவது வழக்கைப் பாதிக்குமா என்பதையும் வழக்கறிஞரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள்.